தலைக்கு முதல் பூசை

நைஜீரியாவில் சில வருடம் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், பேச்சு எப்படிச் சுற்றினாலும் "அங்கே பில்லி சூனியமெல்லாம் பயங்கரமாமே சார்?" என்ற கேள்விக்கு வந்து நிற்கும். பதில் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவர் இரண்டாவது நிமிடத்தில் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார், ஏனென்றால் அவர் எதிர்பார்ப்பது மண்டை ஓடும் ரத்தமும். நான் சொல்ல வருவதோ, ஒரு வயதான அம்மா காலையில் எழுந்ததும் தன் தலையில் கைவைத்து இரண்டு வார்த்தை பேசுவதைப் பற்றி. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும்.

நான் இருந்தது இபாடானில். தென்மேற்கு நைஜீரியா முழுக்க யோருபா மக்களின் நிலம்; பக்கத்து நாடுகளான பெனினிலும் டோகோவிலும்கூட அவர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள், ஒரே குடும்பத்தில் இரண்டும் இருப்பது அங்கே செய்தியே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் முஸ்லிம். அவர் தம்பி பெந்தெகோஸ்தே சபை. இருவருக்கும் அம்மாவான மாமா (அங்கே வயதான பெண்மணியை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நம் தாய்மாமனை நினைத்துக்கொள்ள வேண்டாம்) ஞாயிறு காலை சின்ன மகனோடு சர்ச்சுக்குப் போவார், ரமலானில் பெரிய மகன் வீட்டில் நோன்பு திறப்பார், அப்புறம் தினமும் விடியற்காலையில் யாரோடும் பேசுவதற்கு முன் தன் தலையைத் தொட்டு முணுமுணுப்பார். இந்த மூன்றில் எது உங்கள் மதம் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. சர்ச்சும் மசூதியும் எல்லோரும் போகிற இடம். தலை அவருடையது.

இந்தத் தலையை அவர்கள் ஓரி என்கிறார்கள். கண்ணும் மூக்கும் உள்ள வெளித் தலை வெறும் மூடிதான். உள்ளே இன்னொரு தலை இருக்கிறது. பூமிக்கு வருவதற்கு முன் விண்ணுலகில் ஒவ்வொருவரும் தானே பொறுக்கி எடுத்து வந்த தலை அது, இந்த வாழ்க்கையில் எது கூடிவரும் எது கூடிவராது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது நம்பிக்கை. தலையெழுத்து என்று நாம் சட்டென்று முடித்துவிடுவோம், ஆனால் அங்கே எழுதுகிறவர் யாரும் இல்லை. நாமே போய் எடுத்து வந்ததுதான், அதுவும் சரியாகப் பார்க்காமல். எப்படி எடுத்தோம் என்பதற்கு ஒரு கதை உண்டு.

தலைகளைச் செய்கிறவர் அஜாலா, குயவர். வேலை தெரிந்தவர்தான், ஆனால் பொறுப்பு கிடையாது, போதாததற்கு ஏகப்பட்ட கடன். அவர் சூளையில் சில தலைகள் நன்றாக வெந்திருக்கும், சில அரைவேக்காடாக இருக்கும், சிலவற்றில் கீறல் விழுந்திருக்கும், எல்லாவற்றையும் கலந்துதான் அடுக்கி வைத்திருப்பார். மூன்று நண்பர்கள் பூமிக்குக் கிளம்புகிறார்கள், மூவருக்கும் அப்பா ஒரு தெய்வம். ஒருவன் ஓகுனின் மகன், ஒருவன் இஜாவின் மகன், மூன்றாவது ஒருன்மிலாவின் மகன் அஃபுவாபே. முதல் இருவரும் நேரே அஜாலா வீட்டுக்குப் போனார்கள், அவரைக் காணவில்லை, இருந்ததிலேயே பெரிதாகவும் பளபளப்பாகவும் தெரிந்த தலைகளை எடுத்து மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வேகாத மண் அல்லவா, கரைந்து வழிய ஆரம்பித்தது. பூமிக்கு வந்த பிறகு எவ்வளவு உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை, சம்பாதித்ததெல்லாம் தேய்ந்த தலையை ஒட்டவைப்பதற்கே போயிற்று.

அஃபுவாபே மட்டும் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான். அப்பா அவனுக்குக் குறி கேட்டு, பரிகாரம் செய்யவைத்து, அதிலிருந்து கொஞ்சம் உப்பையும் கொஞ்சம் பணத்தையும் கையில் கொடுத்தனுப்பினார். வழியில் ஒரு காவலாளி சாம்பலைப் போட்டுக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறார், உப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இவன் துளி உப்பைப் போட்டான். ருசி கண்ட காவலாளி ரகசியத்தைச் சொல்லிவிட்டார்: அஜாலா வீட்டில்தான் இருக்கிறார், கடன்காரருக்குப் பயந்து உத்தரத்தில் ஏறி ஒளிந்திருக்கிறார், கடனை நீ கட்டிவிட்டால் நல்ல தலையாக அவரே எடுத்துத் தருவார். அப்படியே நடந்தது. அஜாலா இறங்கி வந்து, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு தலையாகத் தட்டிச் சத்தம் பார்த்து, சரியான ஒன்றைக் கொடுத்தார். இவனுக்கும் மழை பெய்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனிதத் தலையைச் செய்கிற ஆள் கடன்காரருக்குப் பயந்து உத்தரத்தில் குந்தியிருக்கிறார்! எனக்கு இந்தச் சமயத்தின் மேல் தனி மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். கெட்டவனுக்குக் கெட்ட தலை, நல்லவனுக்கு நல்ல தலை என்று இது சொல்லவே இல்லை. அந்த இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை, அவசரப்பட்டார்கள், அவ்வளவுதான். போன ஜென்மப் பாவம் என்ற கணக்கும் கிடையாது. உலகம் கொஞ்சம் கவனக்குறைவாகச் செய்யப்பட்டது, கேட்டு நடந்தால் தப்பிக்கலாம், கேட்காவிட்டால் மழையில் நனைவாய் என்கிறது கதை. இதோடு ஒட்டி இன்னொன்றும் உண்டு: தலைகள் எல்லாம் கூடி ஒரு காரியத்துக்குத் திட்டம் போட்டனவாம், காலைக் கூப்பிடவில்லையாம், காரியம் நடக்கவே இல்லையாம். தலை நன்றாக இருந்து நீ நடக்காவிட்டால் எதுவும் வராது. மாமா இதைச் சொன்னது வீட்டில் சும்மா படுத்துக் கிடந்த ஒரு பேரனிடம்.

ஓரியைத் தெய்வங்களுக்கும் மேலே வைக்கிறார்கள் என்பதுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கோட்டைவிடும் விஷயம். ஒருவனோடு தூர தேசத்துக்குத் திரும்பிப் பார்க்காமல் வரக்கூடிய தெய்வம் எது என்று ஒரு கதையில் கேள்வி எழுகிறது. நான் வருவேன் என்கிறார் இடிக்கடவுள் ஷாங்கோ. போகிற வழியில் உன் சொந்த ஊர் கோசோ வருகிறது, உனக்குப் பிடித்த பயறுக் குழம்பு வைத்துப் பரிமாறுகிறார்கள், அப்புறம் என்ன செய்வாய்? சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன் என்று ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒவ்வொரு தெய்வமாக அவரவர் ஊரில், அவரவருக்குப் பிடித்த சாப்பாட்டோடு கழன்றுகொள்ள, கடைசிவரை கூட வருவது ஓரி மட்டும்தான். உன் தலை ஒத்துக்கொள்ளாமல் எந்தத் தெய்வமும் உனக்கு எதையும் தர முடியாது என்பது அங்கே பழமொழி. எனவே முதல் பூசை தலைக்கு. பெரிய காரியத்துக்குப் போகிறவர் தலைக்கு ஊட்டுவார்: வெள்ளை உடுத்தி உட்கார்ந்து, தண்ணீரும் கோலா கொட்டையும் நெற்றியில், உச்சியில் வைத்து வேண்டிக்கொள்வார். அந்தக் காலத்தில் வசதியானவர்கள் வீட்டில் தலைக்கென்றே சோழி தைத்த கூம்பு வடிவப் பெட்டி இருக்கும், அதற்குத் தலையின் வீடு என்று பெயர். யோருபா மரச் சிற்பங்களில் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருப்பதும் இதனால்தான், சிற்பிக்கு அளவு தெரியாமல் இல்லை. அளவு பிசகாமல் செய்யத் தெரியும் என்பதற்கு யோருபாக்களின் புனித நகரான இலே-இஃபேயில் கிடைத்த உலோகத் தலைகளே போதும். 1910-இல் அங்கே போன ஜெர்மானியர் லியோ ஃப்ரோபீனியஸ், இவ்வளவு நேர்த்தியை ஆப்பிரிக்கர்கள் செய்திருக்க முடியாது, கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் ஆட்கள் விட்டுப்போனதாக இருக்க வேண்டும் என்றார். தலை இருந்தும் என்ன பயன்!

சரி, தெய்வங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஓலோடுமாரே. அவருக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை, பூசாரி இல்லை. அவருக்குக் கீழே ஒரிஷாக்கள், 401 பேர் என்பது வழக்கு. 400 என்றால் நிறைய, அந்த ஒன்று இனி வரப்போகிறவருக்கு என்று எனக்கு ஒருவர் விளக்கினார். அத்தனை பேரையும் யாரும் கும்பிடுவதில்லை, குடும்பத்துக்கு ஒன்று இரண்டுதான். பழைய யோருபா வாரத்துக்கு நான்கே நாள்: ஒபாடாலாவுக்கு ஒன்று, இஃபாவுக்கு ஒன்று, ஓகுனுக்கு ஒன்று, ஷாங்கோவுக்கு ஒன்று. கிராமத்துச் சந்தைகள் பல இன்னும் இந்தக் கணக்கில்தான் கூடுகின்றன. திங்கள், செவ்வாய் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு போனால் சந்தையைப் பிடிக்க முடியாது. சந்தைக்குள் நுழைகிறவர், செல்வத்துக்கான தெய்வம் அஜே உங்கள் கலயத்துக்குள் வரட்டும் என்று வியாபாரியை வாழ்த்துவதுண்டு. வாழ்த்துகிறவர் முஸ்லிமாகவும் வாங்கிக்கொள்கிறவர் கிறிஸ்தவராகவும் இருப்பார்கள், இருவருக்கும் அதில் ஒன்றும் உறுத்தாது.

ஒபாடாலாவைப் பற்றி ஒன்று மட்டும். மனித உடல்களை வனைகிறவர் இவர். வெள்ளை உடை, நத்தை, சாந்தம். உலகத்தைப் படைக்கிற வேலையை ஓலோடுமாரே இவரிடம்தான் கொடுத்தாராம், வழியில் பனங்கள்ளைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார், ஒடுடுவா என்ற இன்னொரு தெய்வம் போய் வேலையை முடித்துவிட்டது. உடல் ஊனத்தோடு பிறப்பவர்கள் ஒபாடாலாவின் சொந்த மக்கள், அவர்களைக் கேலி செய்தால் அவரைக் கேலி செய்ததாகும். அவர் பக்தர்கள் இன்றும் கள் தொடுவதில்லை. தெய்வம் செய்த தப்புக்குப் பக்தன் விரதம் இருக்கிற ஏற்பாடு!

ஓகுன் இரும்பின் தெய்வம். கொல்லர், வேடர், போர்வீரர் என்று தொடங்கி இன்று லாரி ஓட்டுநர், மெக்கானிக் வரை வந்துவிட்டார். இரும்பைத் தொட்டு வேலை செய்கிறவன் அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. நைஜீரிய நீதிமன்றத்தில் பைபிள், குர்ஆன் வேண்டாம் என்கிற பாரம்பரியச் சமயத்தார் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம். என் ஓட்டுநர் தன்னைத் தீவிரக் கிறிஸ்தவர் என்பார், வண்டிக்குள் ஏசு படம்கூட உண்டு, ஆனால் புது வண்டி வந்த அன்று அவர் காணாமல்போய்த் திரும்பியபோது முன்சக்கரத்தில் பனையெண்ணெய் வழிந்திருந்தது. நான் பார்த்தேன். "ஓகா (முதலாளி என்று அர்த்தம்), ரோட்டில் இரும்புதானே ஓடுகிறது" என்றார், அத்தோடு பேச்சு முடிந்தது. நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா தனக்கு உகந்த தெய்வமாகச் சொல்வதும் ஓகுனைத்தான்.

ஷாங்கோ ஓயோ பேரரசின் மன்னராக இருந்து தெய்வமானவர் என்பார்கள். இரட்டைக் கோடரி அவர் சின்னம், பாட்டா முரசு அவர் தாளம், கோலா கொட்டை ஆகாது, அதற்குப் பதில் கசக்கிற ஒரோக்போ கொட்டைதான். ஓயோவில் அவருக்கு நடக்கும் விழாவை 2023-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லாகோஸ் மெரினாவில் பழைய மின்வாரியத் தலைமையகத்தின் முன்னால் பென் என்வோன்வு வடித்த ஷாங்கோவின் வெண்கலச் சிலை 1964-லிருந்து நிற்கிறது. மின்னலுக்கு அதிபதி, பொருத்தம்தான். ஆனால் நாளுக்குப் பாதி நேரம் ஜெனரேட்டர் புகையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நிறுவனத்தை அவர் ஆசீர்வதித்ததாகத் தெரியவில்லை.

எஷு வாசலிலும் முச்சந்தியிலும் இருப்பவர், செங்கல் நிறக் கரட்டுக் கல், மேலே பனையெண்ணெய். படையலை மற்ற தெய்வங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை, அதனால் அவர் பங்கு முதலில். ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமான தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு நண்பர்களின் வயல்களுக்கு நடுவே நடந்துபோய், தொப்பி என்ன நிறம் என்று அவர்களை அடித்துக்கொள்ள வைத்தவர். சர்ச்சுகளில் இவரைச் சாத்தான் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அந்தக் களங்கம் இன்னும் போகவில்லை.

இனி இஃபா. குறி பார்ப்பது என்று சொன்னால் கிளிஜோசியம் ஞாபகம் வரும், அதைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். பாபலாவோ என்கிற இஃபா பூசாரி சிறுவயதிலேயே குருவிடம் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடம் பாட்டு மனப்பாடம் செய்கிறவர். ஒடு எனப்படும் தொகுதிகள் முதன்மையானவை 16, அவை ஒன்றோடொன்று சேர்ந்து 256. ஒவ்வொன்றின் கீழும் எண்ணற்ற பாட்டுகள். எதுவும் ஏட்டில் இல்லை, எல்லாம் தலையில். இந்த முறையை யுனெஸ்கோ 2005-இல் மானுடத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

முறை இது. பாயில் உட்கார்ந்து முன்னால் செதுக்கிய மரத்தட்டு, அதில் மரத்தூள். கையில் 16 பனைக் கொட்டை. ஒரு கையிலிருந்து இன்னொரு கையால் அள்ளுவார். இரண்டு மிஞ்சினால் தூளில் ஒரு கோடு, ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு, வேறு எண்ணிக்கை வந்தால் திரும்ப. எட்டுக் குறிகள் சேர்ந்ததும் ஒடு எது என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கு ஒப்பேலே என்ற சங்கிலி உண்டு, எட்டுப் பாதி ஓடுகள் கோத்தது, ஒரே வீச்சில் விடை. அப்புறம் அந்த ஒடுவின் பாட்டுகளை அவர் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு பாட்டும் ஒரு பழைய வழக்கு: இன்ன பூசாரி இன்னாருக்கு இஃபா பார்த்தார், அவருக்கு இன்ன பிரச்சினை, இன்ன பரிகாரம் சொல்லப்பட்டது, செய்தார் அல்லது செய்யவில்லை, பிறகு இப்படி ஆயிற்று. வக்கீல் பழைய தீர்ப்புகளைப் புரட்டுவதைப் போல. இதில் என்னை அசத்தியது என்னவென்றால், பாபலாவோவிடம் நீங்கள் பிரச்சினையைச் சொல்லவே தேவையில்லை. பண நோட்டை வாயருகே வைத்து மனதுக்குள் கேட்டுவிட்டுக் கீழே வைத்தால் போதும். அவர் பாடிக்கொண்டே போவார். இது என் கதை என்று எந்தப் பாட்டில் உங்களுக்குப் படுகிறதோ அங்கே நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

நானும் போனேன், மாமாவே கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் பாபலாவோ, வெள்ளைக் கதர் மாதிரி ஒரு உடை, பக்கத்தில் இரண்டு கைபேசி. இருநூறு நைரா நோட்டில், வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா ஊருக்குத் திரும்பலாமா என்று தமிழிலேயே முணுமுணுத்தேன். சங்கிலி விழுந்தது, பாட்டு வந்தது, மாமா எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிறுத்தியது, சந்தைக்குப் போனவன் வந்த வேலையை மறந்து கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டில். பரிகாரம்: தெருக் குழந்தைகளுக்கு அகரா வாங்கிக் கொடு. அகரா என்பது தட்டைப்பயறு அரைத்துப் பனையெண்ணெயில் பொரிக்கிற வடை. கொடுத்தேன், தெருவே திரண்டுவிட்டது. ஒப்பந்தத்தை நீட்டித்தேன், உண்மையைச் சொன்னால் சம்பளத்துக்காகத்தான். ஆனால் கேள்வியை நானே கேட்டு, எந்தப் பாட்டு என்னுடையது என்று நானே முடிவு செய்து, ஒரு மணிநேரம் என் குழப்பத்தை மட்டும் யோசித்து உட்கார்ந்திருந்தது என்பது நான் அதற்கு முன் செய்திராத காரியம்.

கிளம்பும்போது அந்த ஆசிரியர் ஒரு கதை சொன்னார். இஃபாவின் தெய்வமான ஒருன்மிலா ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், அவள் பெயர் இவா. குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சுத்தபத்தமாக இல்லை என்று சதா குறைசொல்லி விரட்டிவிட்டார். அவள் போனதும் இவரைக் குறி கேட்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், கையிலிருந்த காசு தீர்ந்தது, மரியாதை போயிற்று. முகமூடி அணிந்து ஊர் ஊராகப் பாடிக்கொண்டே அவளைத் தேடிப் போனார். இந்த மதத்தில் கடைசியில் அளக்கப்படுவது எத்தனை கோழி கொடுத்தாய் என்பது இல்லை, எப்படிப்பட்ட ஆளாக இருக்கிறாய் என்பதுதான் என்றார் ஆசிரியர். கோழி வேண்டாமா என்று கேட்டேன். "அதுவும் வேண்டும்" என்றார்.

பலி உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கோழி, புறா, ஆடு, ஓகுனுக்கு நாய். ஏமாற்றுக்காரர்களும் உண்டு, ஆட்டுக்கு மேல் ஆடு கேட்கிறவர்கள். மனித உறுப்பை வைத்துப் பணம் வரவழைக்கலாம் என்று நம்பிக் கொலை செய்கிற கயவர்களைப் பற்றி அங்கே பத்திரிகைகளில் வரத்தான் செய்கிறது, நைஜீரியப் படங்கள் அந்தப் பயத்தை வைத்தே காசு பார்த்திருக்கின்றன. இஃபாவில் அதற்கு இடமே இல்லை என்று பாபலாவோக்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், யார் காதிலும் விழுவதில்லை. என் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியை லாகோஸ் அலுவலகங்களில் வேலை பார்க்கும் யோருபா இளைஞர்களே கேட்கிறார்கள் என்பதுதான் வேதனை.

ஆனால் பெயர்களைப் பாருங்கள். லாகோஸ் முன்னாள் ஆளுநர் ஃபஷோலா முஸ்லிம், எகிட்டி முன்னாள் ஆளுநர் ஃபயேமி கத்தோலிக்கர். இரண்டு பெயரின் முன்னாலும் நிற்கிற ஃபா, இஃபாதான். தாத்தா வைத்த குடும்பப் பெயர், அப்படியே வருகிறது. பலர் மாற்றியும் இருக்கிறார்கள், ஓகுன் இருந்த இடத்தில் ஏசு வந்திருப்பார். குழந்தை பிறந்த எட்டாம் நாள் பெயர் சூட்டும்போது தேன், உப்பு, தண்ணீர், கோலா கொட்டை, ஒரு வகைக் காட்டு மிளகு எல்லாம் நாக்கில் தொட்டுவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் சொல்கிறார்கள், பாதிரியார் வந்து நடத்தினாலும் பொருட்கள் மாறுவதில்லை. சில பெயர்களைக் குழந்தையே கொண்டுவரும்: கால் முன்னால் வந்து பிறந்தால் இகே, கொடி கழுத்தைச் சுற்றியிருந்தால் ஐனா. தாத்தா இறந்தபின் பிறந்த பேரன் பாபாடுண்டே, அதாவது அப்பா திரும்பி வந்துவிட்டார். பிறந்து பிறந்து சாகிற குழந்தையை அபிகு என்பார்கள், ஒரே குழந்தை அம்மாவை வதைக்கத் திரும்பத் திரும்ப வருவதாக நம்பிக்கை. அதைத் தடுத்து நிறுத்தப் பெயரிலேயே கெஞ்சுவார்கள்: மறுபடி போகாதே, இருந்து வாழ்க்கையை அனுபவி, என்னைப் புதைக்கவாவது இரு. கொசோகோ என்று ஒரு பெயர், மண்வெட்டி இல்லை என்று பொருள். குழி வெட்ட ஆயுதம் இல்லை, அதனால் நீ சாக முடியாது என்று குழந்தையிடம் பொய் சொல்கிறார்கள்.

உலகத்திலேயே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறப்பது இவர்களிடையேதான். முதலில் வருவது டைவோ, பிறகு கெஹிண்டே, ஆனால் பின்னால் வந்த கெஹிண்டேதான் மூத்தவர். உலகம் எப்படி இருக்கிறது பார்த்துச் சொல் என்று டைவோவை முன்னால் அனுப்பியது அவராம். இரட்டையரில் ஒன்று இறந்தால் ஒரு சிறிய மரப்பாவை செதுக்கி, அதைக் குளிப்பாட்டி, உடுத்தி, உயிரோடிருக்கும் குழந்தையைப் போலவே ஊட்டி வளர்ப்பார்கள். அம்மாக்கள் கழுவிக் கழுவி முகம் தேய்ந்த அந்தப் பாவைகள் இப்போது ஐரோப்பிய அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. பின்னாளில் சிலர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கு அதே சடங்கைச் செய்தார்கள். கலை ஆர்வலர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. பாவை அங்கே கலைப்பொருள் இல்லை, பிள்ளை.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஓயோ பேரரசு சரிந்தபோது போரில் பிடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கியூபாவிலும் பிரேசிலிலும் ஒரிஷாக்கள் கத்தோலிக்கப் புனிதர்களின் படங்களுக்குப் பின்னால் ஒதுங்கிப் பிழைத்தார்கள். கியூபாவில் கோலா கொட்டை கிடைக்கவில்லை. யோருபா வீடுகளில் அன்றாடச் சின்னக் கேள்விகளுக்கு நான்கு பிளவுள்ள கோலா கொட்டையைப் பிரித்துப் போட்டு, எத்தனை மேல்நோக்கி விழுந்தன என்று பார்ப்பது வழக்கம். அங்கே அதற்குப் பதில் நான்கு தேங்காய்ச் சில்லுகளைப் போட ஆரம்பித்தார்கள், வெள்ளைப் பக்கம் மேலா, ஓட்டுப் பக்கம் மேலா. இன்றும் அப்படித்தான். புளோரிடாவில் ஹயலியா நகராட்சி, கியூபா வழி ஒரிஷா பக்தர்களின் விலங்குப் பலியைத் தடைசெய்யப் போட்ட சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் ஒருமனதாகத் தூக்கியெறிந்தது. இப்போது பிரேசில்காரர்களும் அமெரிக்கக் கறுப்பர்களும் தீட்சை வாங்க இலே-இஃபேக்கும் ஒஷோக்போவுக்கும் விமானம் ஏறி வருகிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

ஒஷோக்போவில் ஒஷுன் ஆற்றங்கரையில் 75 ஹெக்டேர் காடு, உலகப் பாரம்பரியச் சின்னம், 2005-லிருந்து. அது பிழைத்தது சூசன் வெங்கர் என்ற ஆஸ்திரியப் பெண்ணால். 1950-இல் வந்தவர், ஒபாடாலாவின் பூசகி ஆகி, உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து சிமென்டில் பிரம்மாண்டமான சிற்பங்களை எழுப்பி, மரம் வெட்ட வந்தவர்களோடு மல்லுக்கட்டி, 2009-இல் அங்கேயே இறந்தார். ஒஷுன் நீருக்கும் பிள்ளைப்பேறுக்கும் தெய்வம். ஆண் தெய்வங்கள் பதினாறு பேர் இவளைச் சேர்க்காமல் உலகத்தை ஒழுங்கு செய்யக் கிளம்பினார்களாம், மழை பொய்த்தது, எதுவும் நடக்கவில்லை, ஓலோடுமாரே "ஒஷுனைக் கேட்டீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் திருவிழாவில் அருக்பா என்ற கன்னிப்பெண் ஊர்ப் படையலைத் தலையில் சுமந்து ஆற்றுக்கு நடக்கிறாள், தடுமாறக் கூடாது, பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள், பாதிப்பேர் கையில் மஞ்சள் பிளாஸ்டிக் கேன். ஆற்றுத் தண்ணீரை மொண்டு குடிப்பார்கள், குழந்தை இல்லாதவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். மாமாவின் மூத்த மகள் அந்தத் தண்ணீருக்குப் பிறகு பிறந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், இமாமிடம் ஓதக் கற்றுக்கொண்ட வீட்டுக்காரர் உட்பட.

அரசியல்வாதிகளுக்கும் இந்தச் சமயம் ஓட்டாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஆகஸ்ட் 20-ஐ இஷேஷே நாள், அதாவது முன்னோர் சமய நாள் என்று சில யோருபா மாநிலங்கள் விடுமுறை விட்டிருக்கின்றன, 2023-இல் லாகோஸும் விட்டது. அதே வருடம் எமிர் என்கிற முஸ்லிம் மன்னர் ஆளும் யோருபா நகரமான இலோரினில் ஒரு பூசகி நடத்தவிருந்த விழாவை, இது முஸ்லிம் ஊர் என்று ஒரு குழு தடுத்தது. சோயிங்கா எமிருக்குத் திறந்த மடல் எழுதினார். ஒரே வீட்டில் மூன்று மதம் என்று நான் மேலே எழுதியது எல்லா ஊருக்கும், எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒஷுன் ஆற்றுக்கும் வேறொரு ஆபத்து. மேலே தங்கம் தோண்டுகிறார்கள், நிறைய இடங்களில் உரிமம் இல்லாமல். ஆறு பழுப்பாகிவிட்டது, கன உலோகங்கள் கலந்திருக்கின்றன என்று சோதனையில் தெரிந்து, மாநில அரசே தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று எச்சரித்தது. நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். மாமாவிடம் போனில் பேசியபோது, இந்த வருடம் கேன் கொண்டுபோகாதீர்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். "தங்கம் தோண்டுகிறவனுக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். கொடுத்திருப்பார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கேனைக் கொண்டுபோவதாகவும், ஆனால் பேரப்பிள்ளைகளுக்குக் குடிக்கத் தராமல் தலையில் மட்டும் தெளிப்பதாகவும் சொன்னார். இமாமும் பாஸ்டரும் அதற்கு ஒத்துக்கொண்டார்களா என்று கேட்க நினைப்பதற்குள் அழைப்பு துண்டித்துவிட்டது.